பழகுபவருக்கு ஒரு பாவித்த கார்: முதலில் காப்புறுதி, பிறகு கார்



எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு 17 வயது நெருங்கினால் ஒரு கதை தொடங்கும். பிறந்தநாளுக்கு முன்பே புரொவிஷனல் லைசென்ஸ் தபாலில் வந்துவிடும். அடுத்த நாளே, "அப்பா, ஒரு சின்னக் கார் பாப்பமே?" என்று கேள்வி வரும். அதே வாரத்தில் மாமா ஒருவர் தொலைபேசி எடுத்து, "எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒரு கார் விக்கிறான், நல்ல கார், விடாதேங்கோ" என்பார். இரண்டு நாளில் காசு கைமாறிவிடும். அதன் பிறகுதான் காப்புறுதிக்கு விலை கேட்பார்கள். காரின் விலையை விடக் காப்புறுதி கூட என்று தெரிந்ததும் வீடே அமைதியாகிவிடும்.

பழகுபவர் என்றதும் பிள்ளைகளை மட்டும் நினைக்க வேண்டாம். இருபது வருடமாகப் பக்கத்து ஆசனத்தில் இருந்து வந்த அம்மாமார் பலர் இப்போது தாங்களே ஓட்டப் பழகுகிறார்கள். வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், கோவிலுக்கும் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்பது சின்ன விடுதலை இல்லை. இன்றைய பேச்சு அவர்களுக்கும்தான்.

பல வருடம் கராஜ் வேலை செய்தவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். காரைத் தெரிவுசெய்து விட்டுக் காப்புறுதியையும் பத்திரங்களையும் பார்க்காதீர்கள். காப்புறுதியையும் பத்திரங்களையும் பாருங்கள், அவை உங்களுக்குக் காரைத் தெரிவுசெய்து தரும். நான் சொல்லும் சட்டங்கள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களுக்கு உரியவை.

கார் வாங்க முதல் ஒரு கேள்வி. பழகும்போது பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள்? அவருக்கு ஆகக் குறைந்தது 21 வயது இருக்கவேண்டும். முழு லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகியிருக்கவேண்டும். அந்த லைசென்ஸ் இந்த நாட்டினதாகவோ, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்ரைன் ஆகியவற்றில் ஒன்றினதாகவோ இருக்கவேண்டும். ஊரில் முப்பது வருடம் லொறி ஓட்டிய பெரியப்பா என்றாலும், கையில் இலங்கை லைசென்ஸ் மட்டும் இருந்தால் அவர் பக்கத்தில் இருந்து பழக்க முடியாது. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ லைசென்ஸ் எடுத்து இங்கே வந்த எங்கள் ஆட்களுக்கு அந்தத் தடை இல்லை. ஓட்டோமற்றிக்கில் மட்டும் பாஸ் பண்ணிய ஒருவர் மனுவல் காரில் இருந்து பழக்கவும் முடியாது. பழக்குபவர் தொலைபேசியைக் கையில் எடுத்தாலும், குடித்திருந்தாலும், ஓட்டுபவருக்கு உள்ள சட்டம் அவருக்கும் உண்டு. மோட்டர்வேக்கு அப்பாவோடு போக இயலாது. 2018 ஜூன் மாதம் முதல் பழகுபவர் மோட்டர்வேயில் ஓட்டலாம், ஆனால் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரோடு, இரட்டைக் கட்டுப்பாடு உள்ள காரில் மட்டுமே.

வீட்டில் ஏற்கெனவே ஒரு அளவான கார் நின்றால், உடனே இரண்டாவது கார் தேவையா என்றும் யோசியுங்கள். பழகுபவருக்கென்று தனியாக, நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ எடுக்கும் காப்புறுதி இருக்கிறது. அப்பாவின் காரில் பிள்ளை பழகலாம். விபத்து நடந்தாலும் பெரும்பாலும் அப்பாவின் நோ கிளெய்ம் போனஸ் பாதிக்கப்படாது. ஒருவர் ரெஸ்ற் பாஸ் பண்ணச் சராசரியாக 45 மணித்தியாலப் பாடமும், அதற்கு மேலாக 22 மணித்தியாலச் சொந்தப் பயிற்சியும் தேவை என்று ரெஸ்ற் நடத்தும் அரச நிறுவனமே சொல்லி வந்திருக்கிறது. அந்த 22 மணித்தியாலத்தை இப்படியே முடித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்தக் காப்புறுதிகள் பெரும்பாலும் பிள்ளை பாஸ் பண்ணிய அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். பாஸ் பண்ணிய சந்தோசத்தில் பிள்ளையே காரை வீட்டுக்கு ஓட்டி வந்தால், அது காப்புறுதி இல்லாத ஓட்டம்.

இனிப் பெரிய விசயத்துக்கு வருவோம். இரண்டாவது கார் வாங்குகிறோம், ஓட்டப் போவது மகள். ஆனால் காப்புறுதியில் அப்பாவைப் பிரதான சாரதியாகப் போட்டு, மகளை மேலதிக சாரதியாகச் சேர்க்கிறோம். பணம் குறையும். "எல்லாரும் செய்யிறதுதானே" என்றும் சொல்கிறோம். இதை இங்கே ஃப்ரொன்ரிங் என்பார்கள். இது காப்புறுதி மோசடி. ஒரு நாள் விபத்து நடந்தால் நிறுவனம் விசாரிக்கும். கார் தினமும் எங்கே நின்றது, பல்கலைக்கழகத்துக்கு யார் கொண்டுபோனது என்று கேட்கும். பொய் என்று கண்டால் உங்கள் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. எதிர்ப்பக்கத்தாருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். காப்புறுதி ரத்தாகும். இனி எந்த நிறுவனம் "முன்பு ரத்தாகியிருக்கிறதா?" என்று கேட்டாலும் ஆம் என்று சொல்லவேண்டி வரும். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதாகிவிட்டால் ஆகக் குறைந்தது ஆறு புள்ளிகள்.

ஆறு புள்ளிகள் என்பது புதிய சாரதிக்கு என்னவென்று தெரியுமா? 1995 ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலாவது லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளிகள் வந்தால் லைசென்ஸ் போய்விடும். திரும்ப புரொவிஷனல் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் முதலிலிருந்து செய்யவேண்டும். பழகும் காலத்தில் வாங்கிய புள்ளிகளும் கணக்கில் வரலாம். நீதிமன்றம் போய்த் தண்டனை வந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் எழுதவேண்டும். இந்த நாட்டில் பத்திரம் கிடைக்க எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று எங்களுக்குத் தெரியும். சில நூறு பவுணுக்காக அதில் ஒரு கறை வேண்டாம்.

நேர்மையாகக் குறைக்க வழி இருக்கிறது. மகளைப் பிரதான சாரதியாகப் போட்டு, நீண்டகாலம் விபத்தில்லாமல் ஓட்டிய அம்மாவையோ அப்பாவையோ மேலதிக சாரதியாகச் சேருங்கள். அவர்களும் இடைக்கிடை உண்மையாகவே ஓட்டுவார்கள் என்றால் இது முற்றிலும் சரி, பல நேரம் பணமும் குறையும். வேகத்தையும் பிரேக் போடுவதையும் பதியும் கறுப்புப் பெட்டி வைத்த காப்புறுதியையும் விசாரியுங்கள். எந்தக் காரைப் பார்க்கப் போனாலும், முற்பணம் கொடுக்க முதல் அதன் இலக்கத் தகட்டை ஒப்பீட்டுத் தளத்தில் போட்டு, பிள்ளையின் உண்மையான விபரத்தோடு விலை கேளுங்கள். பார்க்க ஒரே மாதிரியான இரண்டு கார்களுக்கு இடையில் பெரிய வித்தியாசம் வரும். எஞ்சின் சிறிதாக, ஸ்போட்ஸ் என்று பெயர் ஒட்டாமல், சக்கரம் மாற்றாமல் கம்பனியில் வந்தபடி இருந்தால் விலை குறையும். மாற்றம் செய்த கார் வேண்டவே வேண்டாம்.

இனி எப்படிப்பட்ட கார்? குடும்பத்துக்கும் பாவிக்கவேண்டும், பழகவும் வேண்டும் என்றால் ஐந்து கதவுள்ள ஹட்ச்பாக் வசதி. பின்னால் மூன்று பேருக்கும் பெல்ற் இருக்கிறதா, சின்னப் பிள்ளையின் ஆசனம் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுக்கி இருக்கிறதா என்று பாருங்கள். 1.0 முதல் 1.4 லீற்றர் வரையான பெற்றோல் எஞ்சின் போதும். லண்டனில் இருப்பவர்களுக்குப் பெற்றோல் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் வலயம் லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. ஹரோ, ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், குறைடன் எங்கே இருந்தாலும் தப்ப முடியாது. பொருந்தாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12 பவுண் 50 பென்ஸ். பெற்றோல் கார் யூரோ 4 தரமாக இருந்தால் போதும், 2006 இலிருந்து பதிவான பெரும்பாலானவை அதற்குள் வரும். டீசல் என்றால் யூரோ 6 வேண்டும், அதாவது பொதுவாக 2015 செப்ரெம்பருக்குப் பின் வந்தவை. மலிவாக ஒரு பழைய டீசல் கார் யாராவது தந்தால், ஏன் மலிவு என்று இப்போது விளங்கும். எந்த இலக்கத்தையும் லண்டன் போக்குவரத்துச் சபையின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வருடத்தை நினைவில் வையுங்கள்: 2014. அந்த வருட நவம்பரிலிருந்து ஐரோப்பாவில் விற்கப்பட்ட புதிய கார்கள் எல்லாவற்றிலும், வழுக்கும்போது காரை நேராகப் பிடிக்கும் ஸ்ரெபிலிற்றி கொன்றோல் கட்டாயமானது. மழையில், வளைவில், அனுபவமில்லாத சாரதிக்கு அது பெரிய துணை. பழைய காரிலும் இருக்கலாம், ஆனால் கேட்டுப் பார்க்கவேண்டும். யூரோ என்கப் என்ற அமைப்பு காரை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது, தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நட்சத்திரத்தோடு வருடத்தையும் பாருங்கள், ஏனென்றால் சோதனை காலத்தோடு கடினமாகி வந்திருக்கிறது.

வாகன வரியும் பதிவு வருடத்தைப் பொறுத்தது. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்குப் புகை அளவைக் கொண்டு வரி. கிலோமீற்றருக்கு 110 கிராமுக்கு மேற்படாத சிறிய கார்களுக்கு 2025 ஏப்ரல் கணக்கின்படி வருடத்துக்கு 20 பவுண். அதே கார் 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவாகியிருந்தால் 195 பவுண். ஒரு வருடம் புதிது என்று கூடக் காசு கொடுக்க முதல் இதையும் கூட்டிப் பாருங்கள்.

மனுவலா, ஓட்டோமற்றிக்கா? ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணினால் ஓட்டோமற்றிக் மட்டும்தான் ஓட்டலாம். பின்னர் வேலைக்கு வான் ஓட்டவேண்டி வரலாம் என்ற இளைஞருக்கு மனுவல் நல்லது. கிளச்சுக்கும் கியருக்கும் பயந்து இரண்டு வருடமாகத் தள்ளிப்போடும் அம்மாவுக்கு ஓட்டோமற்றிக் நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதுவானாலும், பயிற்றுநரின் காரும் வீட்டுக் காரும் ஒரே வகையாக இருக்கட்டும்.

பெயர்கள் கேட்பீர்கள். ரொயோட்டா யாரிஸ், ஹொண்டா ஜாஸ், ஃபோர்ட் ஃபியெஸ்ரா, வொக்ஸ்ஹோல் கோர்சா, ஃபொக்ஸ்வாகன் போலோ, ஸ்கோடா ஃபாபியா, ஹியுண்டாய் ஐ20, சுசூக்கி சுவிஃப்ற் எல்லாம் இந்த அளவுக்குள் வருபவை. ஜாஸில் பின் ஆசனத்தை மேலே மடிக்கலாம், குடும்பத்துக்கு இடம் கூட. யாரிஸும் ஜாஸும் 2020 இல் வந்த புதிய வடிவத்திலிருந்து இங்கே ஹைபிரிட் ஓட்டோமற்றிக்காக மட்டுமே விற்கப்படுகின்றன. மனுவல் வேண்டுமென்றால் அதற்கு முந்தியதைத் தேடவேண்டும். ஃபியெஸ்ராவின் உற்பத்தி 2023 இல் நின்றுவிட்டது, ஆனால் றோட்டில் அவ்வளவு இருப்பதால் உதிரிப்பாகத்துக்குக் கஷ்டமில்லை. ஃபோர்ட்டின் 1.0 லீற்றர் ஈகோபூஸ்ற், பெஜோ, சிற்றோன் கார்களில் வந்த 1.2 பியூர்ரெக் போன்ற சில எஞ்சின்களில் ரைமிங் பெல்ற் எண்ணெய்க்குள்ளே ஓடும். நேரத்துக்கு எண்ணெய் மாற்றாவிட்டால் பெல்ற் கரைந்து துகள் எண்ணெய்க் குழாயை அடைக்கும், எஞ்சினே போகலாம். அப்படிப்பட்ட காரில் சேர்விஸ் சிட்டை இல்லையென்றால் விலகி நடவுங்கள். பெயரைவிடப் பராமரிப்புத்தான் முக்கியம். கவனிக்காத யாரிஸை விடக் கவனித்த கோர்சா மேல்.

அடுத்தது பத்திரங்கள். இலக்கத் தகடு தெரிந்தால் எம்.ஓ.ரி. வரலாற்றை அரசாங்கத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் மைலேஜ் எவ்வளவு, எதற்காக ஃபெயில் ஆனது, என்ன எச்சரிக்கை எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கும். ஒரு தாயார், தெரிந்தவரிடம் வாங்கிய காரை சேர்விஸுக்கு எங்களிடம் கொண்டுவந்தார். மீற்றர் 61,000 மைல் காட்டியது. வரலாற்றைத் திறந்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே 92,000. ஐந்து நிமிட வேலை, ஆனால் காசு கொடுத்த பிறகு செய்து பயனில்லை. அதே எச்சரிக்கை, உதாரணமாகக் கீழ்ப்பகுதித் துரு, மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தால், சொந்தக்காரர் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

லொக் புக் எனப்படும் வி-5-சி யை மூலப் பிரதியாகப் பாருங்கள். அதில் உள்ள விலாசத்திலேயே போய்க் காரைப் பாருங்கள். காரில் பொறித்த சேசிஸ் இலக்கம் அதோடு ஒத்துப்போகவேண்டும். அந்தப் புத்தகம் காரின் பதிவாளர் யார் என்றுதான் சொல்லும், சொந்தக்காரர் யார் என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. ஆகவே ஒரு சிறு தொகை கட்டி, காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, களவு போனதா, காப்புறுதி நிறுவனம் கைவிட்ட காரா என்று சோதியுங்கள். 2017 ஒக்ரோபருக்குப் பின் எஸ், என் என்று இரண்டு வகை திருத்தி ஓடலாம். எஸ் என்றால் உடற்கட்டு அடிபட்டது, என் என்றால் உடற்கட்டு அல்லாத சேதம். பழகும் பிள்ளைக்கு எஸ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காப்புறுதியும் கூடும், திரும்ப விற்பதும் கஷ்டம்.

காரைப் பகலில், மழையில்லாத நேரத்தில் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். திறப்பைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்ரார்ட் ஆனதும் அணையவேண்டும். எயார்பாக் விளக்கு எரியவே இல்லையென்றாலும் சந்தேகம்தான். கிளச் மிதி மிக மேலே வந்துதான் பிடிக்கிறதென்றால் தேய்ந்துவிட்டது. பழகுபவர் இன்னும் தேய்ப்பார், மாற்றும் செலவை விலையில் குறையுங்கள். ரயரின் குழிக்குள் 20 பென்ஸ் நாணயத்தை நுழையுங்கள். நாணயத்தின் வெளி விளிம்பு தெரிந்தால் ஆழம் குறைவு. சட்டம் 1.6 மில்லிமீற்றர். தேய்ந்த ஒவ்வொரு ரயருக்கும் மூன்று புள்ளிகள் வரலாம். இரண்டு ரயர் என்றால் ஆறு. புதிய சாரதிக்கு ஆறு என்றால் என்ன என்று மேலே சொன்னேன்.

பழகப் போகிறவரையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். அவர் ஆசனத்தில் இருந்து, கிளச்சை முழுவதும் மிதிக்க முடிகிறதா, முன் தூண் பார்வையை மறைக்கிறதா, பின் கண்ணாடியால் தெரிகிறதா என்று பார்க்கட்டும். எங்கள் அம்மாமார் பலருக்கு உயரம் குறைவு. ஆசனத்தை உயர்த்தும் வசதி அவர்களுக்கு அலங்காரம் இல்லை, பாதுகாப்பு. ஓட்டிப் பார்ப்பதென்றால், ஓட்டுபவருக்கு அந்தக் காரில் காப்புறுதி இருக்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். உங்கள் முழுக் காப்புறுதி வேறு காருக்கும் செல்லும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

யாரிடம் வாங்குவது? வியாபாரியிடம் வாங்கினால் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். கார் பழுதாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். "பார்த்தபடி விற்பனை" என்று அவர் சிட்டையில் எழுதினாலும் அந்த உரிமை போகாது. தனியாளிடம் வாங்கினால் விலை குறையும், உரிமையும் குறையும். அவர் சொன்னபடி கார் இருக்கவேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆகவே அவர் சொன்னதை எழுத்தில் வாங்கி வையுங்கள். எங்கள் ஆட்கள், கோவிலில் காண்பவர், ஊர்க்காரர் என்பதற்காக ரசீது கேட்காமல் விடாதீர்கள். ரசீது கேட்பது சந்தேகம் இல்லை. நாளைக்கு இரண்டு குடும்பமும் முகம் பார்த்துக் கதைக்க அதுதான் காவல்.

காசு கொடுத்ததும் லொக் புக்கின் புதிய பதிவாளர் துண்டை வாங்குங்கள். 2014 ஒக்ரோபர் முதல் வாகன வரி காரோடு வராது. நீங்கள் புதிதாகக் கட்டி, காப்புறுதியும் தொடங்கிய பிறகே காரை நகர்த்தலாம். கையில் உள்ள காசு முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வருடக் காப்புறுதி, வரி, ஒரு சேர்விஸ், இரண்டு ரயர் இவற்றை முதலில் ஒதுக்கி, மிச்சம்தான் காரின் விலை.

வாங்கிய காரிலேயே ரெஸ்ற் செய்யலாம். முன்னும் பின்னும் 'எல்' போட், பரிசோதகருக்கு உள்ளே ஒரு மேலதிகக் கண்ணாடி வேண்டும். எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியக்கூடாது. சிறிய தற்காலிகச் சக்கரத்தோடு போகக்கூடாது. வாகனம் பொருத்தமில்லை என்றால் ரெஸ்ற் ரத்தாகும், கட்டிய காசும் போகும். பொனற்றைத் திறந்து எண்ணெய் பார்ப்பது எப்படி என்றும் கேட்கலாம். அதைப் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே காட்டிக் கொடுங்கள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது முதல் கார் எங்களுக்கு வேலைக்குப் போகும் வழி. விடியப்புறம் பெற்றோல் நிலையத்துக்கும் இரவில் உணவகத்துக்கும் அதில்தான் ஓடினோம். ஓடினால் போதும் என்று வாங்கினோம். பிள்ளைக்கும் அம்மாவுக்கும் வாங்குவது அப்படி இல்லை. சின்ன எஞ்சின், நல்ல ரயர், சரியான பத்திரம், உண்மை எழுதிய காப்புறுதி. இந்த நான்கும் இருந்தால் காரின் நிறத்தை அவர்களே தெரிவுசெய்யட்டும்.